மின்மாற்றிக்குத் திசை தெரியாது

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் ஏராளமான மின்கம்பங்களைச் சாய்த்தது. பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டர்கள் வந்தன. இத்தகைய நாட்களில் சிலர் ஒரு குறுக்குவழியைக் கையாளுவதுண்டு. ஜெனரேட்டரின் வயரைச் சுவரிலுள்ள பிளக் பாயிண்டில் செருகிவிடுவார்கள். வீடு முழுவதும் விளக்கெரியும். ஆனால் மின்சாரம் வீட்டோடு நின்றுவிடுமா?

நிற்காது, மாணவ நண்பர்களே! மெயின் சுவிட்ச் மூடியிருந்தால் அது மீட்டரைக் கடந்து தெருக்கம்பிக்கும், அங்கிருந்து மின்மாற்றிக்கும் போகும். 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தரும் அதே கருவி, மறுபக்கத்தில் 230 வோல்ட் கொடுத்தால் அதை 11,000 அளவுக்கு உயர்த்தும். முதன்மைச் சுருள், துணைச் சுருள் என்பவை நாம் இட்ட பெயர்கள்தாமே! மின்சாரம் நிறுத்தப்பட்டதென்று நம்பிக் கம்பத்தில் ஏறியவரின் கதி என்ன? (கம்பியைப் புவியிணைப்புச் செய்த பிறகே அவர் தொடவேண்டும் என்பது உண்மை. அதனால் நம் பொறுப்பு தீர்ந்துவிடாது.)

“மெயினை அணைத்துவிட்டுத்தானே செருகுகிறோம்” என்பார்கள். இதை நான் ஏற்கமாட்டேன். இருட்டில், அவசரத்தில், ஒருவருடைய ஞாபகத்தை நம்பி இன்னொருவர் உயிரை வைப்பதா? சேஞ்ச் ஓவர் சுவிட்சுக்கு ஞாபகம் தேவையில்லை. ஒரு பக்கம் தள்ளினால் மின்வாரியம், மறுபக்கம் ஜெனரேட்டர், நடுவில் எதுவுமில்லை. இரண்டும் ஒருசேர இணைய அதன் அமைப்பே இடங்கொடாது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றும் வகையாகப் பார்த்து, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்தும்படி வீட்டில் சொல்லுங்கள். வாடகை ஜெனரேட்டர் வாசலுக்கு வருமுன்பே சொல்லுங்கள்.