திறந்தவெளிக்குப் பூட்டு

2023ஆம் ஆண்டின் முற்பகுதியில் இலங்கை அமைச்சரவை காலிமுகத்திடல் பற்றி ஒரு தீர்மானம் எடுத்தது. சமய நிகழ்ச்சிகள் தவிர்ந்த வேறெதற்கும் அத்திடலை வழங்குவதில்லை. பொதுமக்கள் ஓய்வாகப் பொழுது போக்கும் இடமாக மட்டுமே அதனை வைத்திருப்பது என்பது அத்தீர்மானத்தின் சாரம். பராமரிப்பும் செலவும் காரணங்களாகக் காட்டப்பட்டன. அதாவது இசைக்கச்சேரி இல்லை, நாடகம் இல்லை, கவியரங்கம் இல்லை, பொதுக்கூட்டமும் இல்லை. வெள்ளவத்தையின் சபாக்களோ கொட்டாஞ்சேனையின் மன்றங்களோ இதனைக் கண்டித்து ஒரு தீர்மானந்தானும் நிறைவேற்றியதாக நாம் அறியோம். எழுத்தாளர் கூட்டங்களிலும் இது பேசுபொருளாகவில்லை. அந்த மௌனத்தைப் பற்றியே முக்கியமாக எழுதப் புகுந்தோம். ஆயினும் முதலில் அமைச்சர்களின் கணக்கைத் தீர்த்துவிடுவோம்.

புல்லுக்காக இரங்கும் அரசாங்கத்தைக் குறைகூற எமக்கு மனமில்லை. ஆனால் அதே 2023ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள் எழுபத்தைந்தாவது சுதந்திர தினத்தின் இராணுவ அணிவகுப்பு நடைபெற்ற இடம் எது? அதே காலிமுகத்திடல்தான். பூட்சுக் கால்களுக்கும் கவச வண்டிகளுக்கும் ஈடுகொடுக்கும் நிலம், பாட்டுக் கேட்கச் சப்பணமிட்டு அமர்பவர்களுக்கு மட்டும் ஈடுகொடாதோ? காரணம் புல்லன்று. காரணம் 2022.

அத்திடலின் வரலாறு தொடக்கத்திலிருந்தே இருவகைப்பட்டது. ஒல்லாந்தர் கோட்டைப் பீரங்கிகளுக்கு மறைப்பின்றி இருக்கவேண்டும் என்று வெட்டவெளியாக விட்ட நிலம் அது. ஆங்கிலத் தேசாதிபதி சேர் ஹென்றி வாட் 1856இல் தொடங்கி 1859இல் கடலோர நடைபாதையைக் கட்டி முடித்தபோது, கொழும்பின் சீமாட்டிகளினதும் குழந்தைகளினதும் நலனுக்காக அதனைத் தம் பின்னவர்களிடம் ஒப்படைப்பதாகக் கல்லிலே பொறித்து வைத்தார். எந்தச் சீமாட்டிகள் என்று கல்லில் எழுதவேண்டிய அவசியம் அன்று இருக்கவில்லை. மாலை நேரத்தில் பட்டாளத்துப் பாண்டு வாத்தியம் முழங்கும். குதிரை வண்டிகளில் துரைமார் காற்று வாங்குவர். 1893இல் கறுவாத்தோட்டத்துக்கு இடம் மாறும்வரை குதிரைப் பந்தயமும் இங்கேதான். கொழும்பின் முதலாவது பெரிய திறந்தவெளி இசைமேடை, ஆளும் வர்க்கத்தின் மேடையாகவே பிறந்தது.

அதே காலத்தில் நகரத்தின் மறுகோடியில் மக்களின் வாத்தியத்துக்கு என்ன நேர்ந்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச்சட்டம் பறைக்கும் மேளத்துக்கும் உரிமம் கேட்டது. 1883 மார்ச் 25ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராமய விகாரையை நோக்கி வந்த பௌத்த ஊர்வலமும் கத்தோலிக்கரும் மோதிக்கொண்டனர். அதன்பின் ஊர்வல வாத்தியங்களின் மீது அரசின் பிடி மேலும் இறுகியது. ஒலி எல்லாம் புனிதமானது என்று நாம் வாதாடவில்லை. பள்ளிவாசலுக்கு முன்னால் மேளம் அடித்தே தீருவோம் என்ற பிடிவாதம் 1915ஆம் ஆண்டுக் கலவரத்துக்கு எண்ணெய் வார்த்ததை வரலாறு படித்தோர் அறிவர். ஆயினும் ஒருவனை அடக்குவதற்காக அவன் வாசலில் எழுப்பும் ஒலி வேறு. எவர் வாசலுமல்லாத பொது வெளியில் எழும் பாட்டு வேறு. இவ்விரண்டையும் ஒரே உரிமப் புத்தகத்தில் அடக்கியது குடியேற்ற ஆட்சியின் சாமர்த்தியம். சுதேச அமைச்சர்கள் அந்தப் புத்தகத்தைப் பத்திரமாகப் பேணி வருகின்றனர்.

துரைமாரின் திடலை மக்கள் எப்போது கைப்பற்றினர்? ஒரு நாளிலன்று. செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்டுக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் ஊர்ந்து சென்ற ஆடிவேல் இரதம், நாதஸ்வரத்தையும் தவிலையும் காசு கொடாமல் கேட்கும் பெருஞ்சபையொன்றைத் தெருவோரத்திலேயே கூட்டியது. கரும்பும் மஸ்கட்டும் வாங்கவந்த சிங்களக் குடும்பமும் அந்தச் சபையில் அடக்கம். பின்னர் தொழிற்சங்கங்கள் வந்தன. அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறிய 1953இல் காலிமுகத்திடலில் திரண்ட மக்கள் வெள்ளமே ஓகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தாலுக்கு முன்னறிவிப்பாயிற்று. துறைமுகத் தொழிலாளியும் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளியும் ஒரே புல்லில் அமர்ந்தார்கள். சொற்பொழிவுக்கு முன்னும் பின்னும் பாட்டு எழாத கூட்டம் எந்நாட்டிலும் உண்டோ?

மூன்றாண்டுகள் சென்றன. 1956 ஜூன் 5ஆம் நாள், அன்று திடலின் வடக்கு எல்லையில் இருந்த பாராளுமன்றத்தில் தனிச்சிங்கள மசோதா கொண்டுவரப்பட்டபோது, செல்வநாயகத்தின் தலைமையில் அதே புல்லில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழர்கள் குண்டர்களால் அடித்து நொறுக்கப்பட்டனர். பேரை வாவியில் தள்ளப்பட்டோரும் உண்டு. பொலிசார் பார்த்து நின்றனர். அம்மசோதாவைக் கொண்டுவந்த பிரதமரின் சிலை பின்னாளில் அத்திடலின் ஓரத்திலேயே நிறுத்தப்பட்டது. அடிபட்டவர்களுக்கு அங்கே ஒரு கல்தானும் இல்லை.

அன்று பாராளுமன்றத்துக்குள் மசோதாவை எதிர்த்த இடதுசாரிகளை நாம் இன்றும் நன்றியுடன் நினைக்கிறோம். ஆனால் 1966 ஜனவரி 8ஆம் நாள் தமிழ்மொழி விசேட ஒழுங்குவிதிகளை எதிர்த்துக் கொழும்பு வீதியில் ஊர்வலம் சென்றோருள் அதே கட்சிகளும் இருந்தன என்பதையும் மறைக்க இயலாது. தமிழ்த் தொழிலாளி திடலைவிட்டு விலகியமைக்குக் குண்டர்கள் மட்டும் பொறுப்பல்லர். பக்கத்தில் அமர்ந்து பாடிய தோழன் வேறு பாட்டைப் பாடத் தொடங்கிவிட்டான். எழுந்து போகாமல் என்ன செய்வான்? பின்னர் 1958ஆம், 1977ஆம், 1983ஆம் ஆண்டுகளின் குருதியையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், கொழும்புத் தமிழர் மாலை வேளையில் வெளியில் கூடிப் பாட அஞ்சியமைக்குக் காரணம் தேடி அலையவேண்டியதில்லை.

அச்சம் நியாயமானது. ஆனால் அச்சம் வழக்கமாகி, வழக்கம் அந்தஸ்தாக மாறியதே எமது குற்றச்சாட்டு. வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபமும் பம்பலப்பிட்டிச் சரஸ்வதி மண்டபமும் கொட்டாஞ்சேனை விவேகானந்த சபையும் தமிழ்க் கலைக்குப் புகலிடம் தந்தவை. அவற்றை நாம் பழிக்கவில்லை. புகலிடத்தையே இலட்சியமாகக் கொண்டவர்களைத்தான் பழிக்கிறோம். அரங்கேற்ற அழைப்பிதழ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். வழவழப்பான தாள், பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர்! மண்டப வாடகையும் பக்கவாத்தியக்காரரின் விமானச் சீட்டும் பட்டுப் புடவையும் சேர்ந்தால் ஓர் ஆசிரியரின் பல மாதச் சம்பளம் கரைந்துவிடும். உள்ளே அமர்ந்திருப்போர் நாளை தம் பிள்ளையின் அரங்கேற்றத்துக்கு இவர்களை அழைக்கப் போகிறவர்கள். கொட்டாஞ்சேனையில் மூட்டை தூக்குபவன் வாசற்படியைத் தாண்டக்கூடாது என்று எவரும் பலகை தொங்கவிடவில்லை. தொங்கவிடவேண்டிய அவசியமும் இல்லை.

இங்கே எமது அணியினரையும் விட்டுவைத்தல் தகாது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன் ஆகியவற்றை மேடையேற்றி, நாட்டுக்கூத்தைப் படித்தவரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அத்தொண்டு பெரிது. பாமரனின் ஆட்டம் என்று ஒதுக்கப்பட்டதைப் பல்கலைக்கழகம் எழுந்து நின்று பார்த்தது. ஆனால் மட்டக்களப்பில் விடியவிடிய வட்டக்களரியில், நாற்புறமும் சனங்கள் சூழ, குழந்தை மடியில் உறங்க ஆடப்பட்ட கூத்து, மூன்றுபுறம் அடைத்த படச்சட்ட மேடைக்குள் சில மணித்தியாலங்களுக்குச் சுருங்கியது. சுருக்கியதால் செம்மை பெற்றது என்பர். பெற்றிருக்கலாம். அதே பேராதனையிற்கூட மரங்களின் கீழ் சரிவில் அமர்ந்து பார்க்கும் திறந்தவெளி அரங்கொன்று உண்டு. சரச்சந்திராவின் பெயர் பெற்ற அவ்வரங்கில் சிங்கள நாடகம் ஒரு தலைமுறை மாணவரை வளர்த்தெடுத்தது. தமிழ்க் கூத்துக்குத் தலைநகரில் அத்தகைய ஒரு சரிவை, ஒரு களரியை, நாம் கேட்டுப் பெற்றோமா? கேட்கவேயில்லை. மண்டபம் கிடைத்தது என்று மகிழ்ந்தோம்.

இதற்கிடையில் திடலைச் சுற்றியிருந்த நகரமும் பறிபோயிற்று. 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. கச்சேரிக்கு நடந்தே வரக்கூடிய மலாயரும் முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் கலந்து வாழ்ந்த பகுதி அது. எதிரே இராணுவத் தலைமையகம் இருந்த காணி அந்நியக் கம்பனிக்குப் போய், 2017இல் ஷங்ரிலா ஹோட்டலாக எழுந்தது. 2014 செப்டெம்பரில் சீன ஜனாதிபதி வந்து தொடக்கிவைத்த துறைமுக நகரம் 269 ஹெக்டேயர் கடலை நிலமாக்கியது. எஞ்சியிருப்பது ஏறத்தாழ ஐந்து ஹெக்டேயர் புல். அதுவும் ஹோட்டல் சாளரத்திலிருந்து பார்ப்பதற்குப் பச்சையாக இருக்கவேண்டும், சத்தமில்லாமலும் இருக்கவேண்டும். திடலைக் கட்டியவரின் சீமாட்டிகள் திரும்பி வந்துவிட்டார்கள். கடவுச்சீட்டு மட்டும் வேறு.

இத்தனைக்கும் பிறகு அந்தப் புல் மீண்டும் ஒருமுறை மேடையாயிற்று. 2022 ஏப்ரல் 9ஆம் நாள் தொடங்கிய போராட்டத்தின்போது அங்கே கூடாரங்கள் எழுந்தன, நூலகம் எழுந்தது, இரவுதோறும் பாட்டு எழுந்தது. அழைப்பிதழ் இல்லை, கௌரவ விருந்தினர் இல்லை. தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. 2016 சுதந்திர தினத்தில் இதே திடலில் அரசு பெருமனதுடன் அனுமதித்ததும், 2020இல் உத்தியோகபூர்வ விழாவிலிருந்து சத்தமின்றி நீக்கியதும் இதே தமிழ்ப் பாட்டைத்தான். இம்முறை எவரும் அனுமதி கேட்கவில்லை. மே 18ஆம் நாள் முள்ளிவாய்க்காலில் மாண்டோருக்கு அங்கே விளக்கேற்றிக் கஞ்சி பகிர்ந்தனர். சிங்கள இளைஞர் பலரும் அதனை வாங்கிக் குடித்தனர். அந்த மேடையை நாம் மிகைப்படுத்த விரும்பவில்லை. அங்கு ஒலித்தவற்றுள் பெரும்பாலானவை சிங்களப் பாட்டுக்களே. எங்கள் பிள்ளைகள் காணாமற் போனபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று வடக்கிலிருந்து எழுந்த கேள்விக்கு அங்கே முழுமையான விடை கிடைக்கவுமில்லை. ஆனால் அக்கேள்வியைக் கேட்பதற்கு ஓரிடம் இருந்தது. மே 9ஆம் நாள் ஆளுங்கட்சிக் கும்பல் வந்து கூடாரங்களை உடைத்தது. ஜூலை 22ஆம் நாள் விடியுமுன்னர் இராணுவமும் பொலிசும் வந்தன. 2023இல் அமைச்சரவை வந்தது. 1956இல் தடியால் செய்ததைக் கடதாசியால் செய்து முடித்தார்கள்.

அதற்குப் பின்னர் எப்போதேனும் ஒரு களியாட்டத்துக்கு வழிவிட்டிருக்கலாமே என்று எவரும் எமக்கு விடை கூற வேண்டா. உரிமை வேறு, சலுகை வேறு.

யாழ்ப்பாணத்து நண்பர்கள் இதனைக் கொழும்புக்காரரின் கவலை என்று தள்ளிவிடவும் கூடாது. 1974 ஜனவரி 10ஆம் நாள் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நிகழ்ச்சியில், வீரசிங்கம் மண்டபத்தின் முன்னே திறந்தவெளியில் அமர்ந்து உரை கேட்டுக்கொண்டிருந்த மக்கள்மீது பொலிசார் பாய்ந்ததும் உயிர்கள் போனதும் அங்கேதானே! அருகிலுள்ள முற்றவெளியில் 2024 பெப்ரவரி 9ஆம் நாள் தென்னிந்தியப் பாடகர் ஹரிஹரனின் கச்சேரி குழப்பத்தில் முடிந்தது. பெருந்தொகை கொடுத்தோருக்கு முன்வரிசை, ஏனையோருக்கு வேலிக்கப்பால் தூரம் என்று பொதுநிலம் கூறுபோடப்பட்டிருந்தது. கூட்டம் வேலியை முறித்தது. உடனே இளைஞரின் ஒழுக்கக் கேட்டைப் பற்றி உபதேசங்கள் பொழிந்தன. முறித்தது சரியென்று நாம் சொல்லவில்லை, மிதிபட்டோரும் ஏழைகளே. ஆனால் முற்றவெளி என்ற பெயரைத் தாங்கிய நிலத்தில் வேலியை நட்டவனின் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு உபதேசமாவது கேட்டோமா? ஓரிடத்தில் அரசு பூட்டுகிறது, ஓரிடத்தில் பணம் பூட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே எமது சபாக்கள் உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டு ஆலாபனை செய்கின்றன.

ஆகவே நாம் கேட்பவை இவை. எழுத்தில் எடுத்த அந்தத் தீர்மானம் எழுத்திலேயே திரும்பப் பெறப்படல் வேண்டும். நகர மக்களின் புற்றரையை நகர மக்கள் தெரிவுசெய்த மாநகர சபை நிருவகித்தல் வேண்டும். கப்பலுக்கும் கட்டடத்துக்கும் பொறுப்பான சபைகளுக்கு அங்கே வேலையில்லை. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை என்பதையும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மன்றத்தார்க்குச் சொல்லிவைக்கிறோம். ஆண்டில் நடத்தும் விழாக்களுள் ஒன்றையேனும், அடுத்த பௌர்ணமி விடுமுறையிலேயே, மண்டபத்துக்கு வெளியே நடத்துங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் மறுத்த கடிதத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் அச்சிட்டு வெளியிடுங்கள். சிங்களக் கலைஞர்களையும் அழையுங்கள். அவர்களுக்கும் இதே பூட்டுத்தான். ஒலிபெருக்கி வேண்டாம், பந்தல் வேண்டாம். வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டை செல்லும் நூறாம் இலக்க பஸ் திடலின் ஓரமாகத்தான் போகிறது. ஒரு மிருதங்கத்தையும் இரண்டு பாய்களையும் அதில் ஏற்றிச் செல்லலாம்.