உடம்பு எங்களுடையது, கடவுச்சொல் யாருடையது?

சைபோர்க் என்றவுடன் எங்களில் அநேகம் பேருக்கு ஞாபகம் வருவது டெர்மினேட்டரும் ரோபோகொப்பும்தான். பாதி மனிசன், பாதி இரும்பு, கண்ணுக்குள்ள சிவப்பு லைட். கொஞ்சம் வாசிக்கிற ஆக்கள் என்றால் டொனா ஹாராவே 1985இல் எழுதிய சைபோர்க் கட்டுரையைச் சொல்வார்கள். மனிதர், மிருகம், இயந்திரம் என்று நாங்கள் போட்டு வைத்திருக்கிற கோடுகள் அழிகிற இடமாக சைபோர்க்கைக் காட்டிய கட்டுரை அது. கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு இந்தக் கோடு அழிக்கிற வேலை நல்ல விருப்பம். கன்ரீனில் இருந்து ஒரு பிளேன்ரீயோடு மணித்தியாலக்கணக்காகக் கதைக்கலாம்.

ஆனால் உடம்போடு உண்மையாகவே ஒரு மின்கருவியைச் சேர்த்து வைத்துக்கொண்டு வாழ்கிற ஆக்களின் கவலை வேறு. பற்றரி எவ்வளவு காலத்துக்கு நிற்கும்? பழுதானால் யாரிடம் போவது? கம்பனியை இழுத்து மூடினால் என்ன செய்வது? கணினி பொருத்திய செயற்கைக் காலோடு வாழ்கிற அமெரிக்கக் கவிஞர் ஜிலியன் வைஸ், உடம்பில் ஒரு கருவியும் இல்லாமல் சைபோர்க் பற்றிப் பேசித் திரிகிறவர்களுக்கு ‘ட்ரைபோர்க்’ என்று பெயர் வைத்து 2016இல் நியூயோர்க் ரைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். அந்த நக்கல் எங்களுக்கும் சேர்த்துத்தான். அதனால் இந்த முறை தத்துவத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பழுது பார்க்கிறதைப் பற்றிக் கதைப்பம்.

நாங்கள் சொல்ல வருவது இதுதான்: உடம்புக்குள் போகிற கருவியை வைத்திருக்கிற உரிமையும் திருத்துகிற உரிமையும் அந்த உடம்புக்காரரிடம் இருக்க வேண்டும். அது இல்லையென்றால், எவ்வளவு பெரிய அற்புதமாக இருந்தாலும் அது உடம்புக்குள் வந்து இருக்கிற வாடகைச் சாமான்.

முதலில் ஒரு நல்ல கதை. 1958 ஒக்ரோபரில் சுவீடனில் ஆர்னே லார்சன் என்ற 43 வயதுக்காரருக்கு உலகத்தின் முதலாவது உடம்புக்குள் வைக்கிற பேஸ்மேக்கரைப் பொருத்தினார்கள். இதயத்துடிப்பு அடிக்கடி நின்று நின்று வந்த மனிசன். ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற பொறியியலாளர் கருவியைச் செய்தார். அதற்கு அச்சாக எடுத்தது சப்பாத்துப் பொலிஷ் தகரம். ஓகே சென்னிங் என்ற டொக்டர் பொருத்தினார். முதல் கருவி சில மணித்தியாலங்கள்தான் ஓடியது. ஆனால் அவர்கள் விடவில்லை. மாற்றி மாற்றி, வாழ்நாளில் மொத்தம் 26 கருவிகள். லார்சன் 2001இல், தன்னுடைய 86 வயதில் இறந்தார். கருவியைச் செய்தவரும் பொருத்தியவரும் அவருக்கு முதலே போய்விட்டார்கள்.

இந்தக் கதையை எல்லாரும் விஞ்ஞானத்தின் வெற்றி என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் 26 என்ற எண்ணைக் கொஞ்சம் பாருங்கோ. ஒரு கருவி கெட்டால் அடுத்ததைக் கொண்டு வந்து வைக்க 43 வருசமாக யாரோ ஒருவர் இருந்திருக்கிறார். லார்சனைக் காப்பாற்றியதில் பாதி, அந்தத் தொடர்ச்சி.

அந்தத் தொடர்ச்சி அறுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆர்கஸ் 2 இருக்கிறது. அமெரிக்காவின் செகண்ட் சைட் கம்பனி செய்த விழித்திரைக் கருவி. விழித்திரை மெல்ல மெல்லச் சிதைகிற ஒரு பரம்பரை நோயால் பார்வை இழந்தவர்களுக்கானது. கண்ணாடியில் ஒரு சின்னக் கமரா. அது பிடிக்கிற காட்சி இடுப்பில் கொழுவியிருக்கிற ஒரு பெட்டிக்குப் போய், அங்கிருந்து கண்ணுக்குள் வைத்த 60 மின்முனைகளுக்குப் போகும். முழுப் பார்வை வராது. வெளிச்சப் புள்ளிகள், ஓரங்கள், அசைவுகள் தெரியும். கதவு எந்தப் பக்கம், முன்னால் ஆள் நிற்கிறாரா என்று கண்டுகொள்ளலாம். வருசக்கணக்காக இருட்டில் இருந்தவருக்கு அதுவே பெரிய விசயம். விலை ஏறத்தாழ 1,50,000 டொலர், ஒப்பரேஷன் செலவு வேறு.

2019இல் கம்பனி இந்தக் கருவியைக் கைவிட்டது. 2020இல் வேலையாட்களில் பெரும்பாலானோரை நிறுத்தியது. 2022இல் ஐ.ஈ.ஈ.ஈ. ஸ்பெக்ட்ரம் சஞ்சிகை இந்த விசயத்தை வெளியில் கொண்டு வந்தபோது, உலகம் முழுக்க 350க்கும் மேற்பட்ட ஆக்களின் கண்களுக்குள் ஆதரவில்லாத ஒரு கருவி இருந்தது. ஒரு பெண்ணுக்கு நியூயோர்க் சுரங்க ரயில் நிலையத்தில் ரயில் மாறப் போகும்போது பீப், பீப் என்று சத்தம் வந்து பார்வை அப்படியே அணைந்து போனது. இன்னொருவருக்கு மூளையில் கட்டி இருக்குமோ என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டி வந்தது. கண்ணுக்குள் கருவி இருக்கும்போது எடுக்கலாமா என்று கேட்கக் கம்பனியில் ஆளைப் பிடிக்க முடியவில்லை. தன்னுடைய கண்ணைப் பற்றிய தகவல், கலைந்து போன ஒரு ஒபிசில் இருக்கிறது.

இதைவிடக் கஷ்டமான கதை அவுஸ்திரேலியாவில் நடந்தது. கடுமையான வலிப்பு நோயுள்ள ஒரு பெண்ணுக்கு 2010இல் ஒரு பரிசோதனைத் திட்டத்தில் மூளைக்கருவி வைத்தார்கள். வலிப்பு வரப்போகுது என்று முன்கூட்டியே எச்சரிக்கும்; அவர் மருந்து எடுத்துக்கொள்வார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்மேல் தனக்கு நம்பிக்கை வந்தது என்றார். அதைச் செய்த நியூரோவிஸ்டா கம்பனிக்கு 2013இல் காசு முடிந்தது. கருவியைக் கழற்ற வேண்டும் என்றார்கள். வீட்டை அடகு வைத்தாவது அதை வாங்க அவரும் கணவரும் முயன்றார்கள். முடியவில்லை. கழற்றினார்கள். கருவியோடு சேர்ந்து தன்னையும் இழந்துவிட்டதாக அவர் பிறகு சொன்னார். ஹாராவே சொன்ன கோடு இந்தப் பெண்ணுக்கு உண்மையாகவே அழிந்திருந்தது. ஆனால் ஒப்பந்தப் பத்திரத்தில் அந்தக் கோடு கறுப்பு மையில் வடிவா இருந்தது: உடம்பு உன்னுடையது, கருவி எங்களுடையது.

இங்கே ஒரு மறுப்பு வரும். “கையில் போனோடு திரியிற நாங்கள் எல்லாரும் ஏற்கனவே சைபோர்க்தானே?” இலோன் மஸ்க் உட்படப் பலர் சொல்கிற வசனம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் போன் கெட்டால் என்ன செய்கிறோம்? சந்திக்குச் சந்தி போன் திருத்துகிற கடை இருக்கிறது. கம்பனி கைவிட்ட மொடலுக்கும் அந்த அண்ணா எங்கிருந்தோ ஒரு டிஸ்பிளே எடுத்துப் போட்டுத் தருவார். சரிவராவிட்டால் விற்கலாம், மேசையில் வைத்துவிட்டுப் போகலாம். கண்ணுக்குள் இருப்பதை மேசையில் வைக்க ஏலாது. மூளைக்குள் இருப்பதைச் சந்திக் கடைக்குக் கொண்டு போகவும் ஏலாது. அந்த வித்தியாசத்தை மறைக்கிறபடியால்தான் ‘எல்லாரும் சைபோர்க்’ என்ற பேச்சு கம்பனிக்காரருக்கு வசதியாக இருக்கிறது.

கடவுச்சொல் என்று தலைப்பில் போட்டதும் சும்மா இல்லை. அமெரிக்காவின் முன்னாள் உப ஜனாதிபதி டிக் செனி, யாராவது ஊடுருவித் தன் இதயத்தை நிறுத்திவிடலாம் என்ற பயத்தில் 2007இல் தன் இதயக்கருவியின் கம்பியில்லாத் தொடர்பையே நிறுத்தி வைத்தவர். 2017இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 4,65,000 பேஸ்மேக்கர்களில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது என்று சொல்லி மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். அந்த நாட்டில் கிளினிக்குக்குப் போனால் சில நிமிட வேலை. கம்பனியின் ஆளே இல்லாத நாட்டில் இருப்பவருக்கு?

இப்போது எதிர்ப்பக்கத்து உதாரணத்துக்கு வருவோம். அது சிலிக்கன் பள்ளத்தாக்கில் இல்லை, ராஜஸ்தானில் இருக்கிறது. 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி.கே. சேத்தி என்ற எலும்பு டொக்டரும் சேர்ந்து ஒரு செயற்கைப் பாதம் செய்தார்கள். லொறி ரயருக்கு ரப்பர் பிடிப்பதைப் பார்த்துத்தான் சர்மாவுக்கு யோசனை வந்தது என்று சொல்வார்கள். ரப்பர், மரம், பிறகு கெண்டைக்காலுக்குத் தண்ணீர்க் குழாய் செய்கிற பிளாஸ்ரிக். அவ்வளவுதான். வெளிநாட்டுக் கால்கள் சப்பாத்துப் போட்டுக் கதிரையில் இருக்கிற ஆக்களுக்காகச் செய்தவை. ஜெய்ப்பூர் காலோடு வெறுங்காலில் நடக்கலாம், குந்தி இருக்கலாம், சம்மணம் கட்டலாம், வயல் சேற்றுக்குள் இறங்கலாம். அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. அதனால் எங்கேயும் ஒரு பட்டறை போட்டு யாரும் செய்யலாம். 1981இல் தமிழ்நாட்டில் நடந்த விபத்தொன்றில் கால் இழந்த நடனக்காரி சுதா சந்திரன் மறுபடி மேடை ஏறியது இந்தக் காலோடுதான்.

அந்தக் கால் எங்கட ஊருக்கும் வந்தது. 80களின் பிற்பகுதியிலிருந்து யாழ்ப்பாணத்தில் அதைச் செய்து பொருத்துகிறார்கள். யுத்தம் முடியும்போது நாங்கள் சின்னப் பிள்ளைகள். ஆனால் கண்ணிவெடியிலும் ஷெல்லிலும் கால் இழந்த அண்ணாக்கள், அக்காக்கள், மாமாக்கள் இல்லாத ஊர் வடக்கிலும் கிழக்கிலும் குறைவு என்று எங்களுக்குத் தெரியும். செயற்கைக் கால் எங்களுக்கு எதிர்காலக் கதை இல்லை. அது கோயில் வாசலில், வயல் வரம்பில், பஸ் படியில் தினமும் காண்கிற விசயம். தேய்ந்தால் பட்டறைக்குப் போய் மாற்றலாம். மாற்றுகிறவரும் இந்த ஊர்க்காரர், நோகிற இடத்தைத் தமிழில் சொல்லலாம்.

அதற்காக, ஏழை நாட்டுக்கு ரப்பர் கால் போதும், பயோனிக் எல்லாம் வெள்ளைக்காரருக்கு என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது அநியாயம். ஜெய்ப்பூர் காலுக்கும் குறை இருக்கிறது: பட்டறைக்குப் பட்டறை தரம் மாறும், வெடிக்கும், முழங்காலுக்கு மேல் கால் போனவருக்கு வேறு பிரச்சினைகள். 1997இல் வந்த சி-லெக் போன்ற கால்களில் நுண்செயலி ஒவ்வொரு அடியையும் கணித்து முழங்காலைச் சரிப்படுத்தும். படி இறங்கும்போது விழாமல் பிடிக்கும். அது எங்கட ஆக்களுக்கும் வேண்டும். 2024 ஜனவரியில் நியூராலிங்க் கருவி வைத்த, கழுத்துக்குக் கீழே அசைவில்லாத ஓர் அமெரிக்க இளைஞர் மூளையாலேயே செஸ் விளையாடுகிறார். பார்க்க எங்களுக்கும் மெய் சிலிர்க்குது. ஆனால் அவருக்கும் சில வாரங்களில் மூளைக்குள் வைத்த நுண்ணிய இழைகளில் பெரும்பாலானவை இடம் விலகிவிட்டன. கம்பனி மென்பொருளை மாற்றித்தான் சமாளித்தது. கம்பனி இருந்தபடியால் சமாளித்தது.

இதை இலங்கையில் வைத்து யோசித்துப் பாருங்கோ. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாடு இது. டொலர் இல்லாமல் மருந்து வரவில்லை, அவசரமில்லாத ஒப்பரேஷன்களைத் தள்ளி வைத்தார்கள். அந்த நேரத்தில் இரவில் சார்ஜ் போட்டால்தான் விடிய நடக்கலாம் என்கிற காலோடு இருக்கிறவர் என்ன செய்வார்? அந்தக் கம்பனியின் பற்றரி மட்டும்தான் பொருந்தும், அதை இறக்குமதி செய்ய ஆளில்லை என்றால்? பழைய ரப்பர் காலைத் தேடி எடுப்பார். ஆனால் உள்ளே பொருத்திய கருவிக்கு அப்படிப் பழையது ஒன்றும் இல்லை.

தீர்வு இல்லாத விசயமும் இல்லை இது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2022இல், மின்சாரச் சக்கர நாற்காலியைத் திருத்துவதற்குரிய பாகங்களையும் விபரங்களையும் கம்பனி கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. சிலி 2021இல் மூளைச் செயற்பாட்டையும் அதிலிருந்து எடுக்கிற தகவலையும் அரசியலமைப்பிலேயே பாதுகாத்தது. 2023இல் அந்த நாட்டின் உயர்நீதிமன்றம், ஒருவரிடமிருந்து எடுத்த மூளைத் தரவை அழிக்கச் சொல்லி ஒரு கம்பனிக்கு உத்தரவிட்டது. இலங்கையும் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை 2016இல் ஏற்றுக்கொண்ட நாடு. உதவிச் சாதனங்கள் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டும் என்று அந்தச் சமவாயம் சொல்கிறது. விலை மட்டும் போதாது, திருத்துகிற உரிமையும் அதற்குள் வர வேண்டும் என்பது எங்கட வாதம்.

ஆகவே, நன்கொடையாகவோ காசுக்கோ ஒரு பயோனிக் கருவி இந்த நாட்டுக்குள் வரும்போது ஒப்பந்தத்தில் சில விசயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை வருசத்துக்கு உதிரிப்பாகம் வரும்? கம்பனி மூடினால் அதன் வரைபடமும் மென்பொருளும் யாருடைய கைக்கு வரும்? இங்கே உள்ள தொழினுட்பவியலாளர்களுக்குத் திருத்தப் பழக்குவார்களா? தரவு எங்கே போகுது? கழற்றுவதா வைத்திருப்பதா என்று முடிவெடுக்கிறவர் யார்? அந்த மேசையில் கால் இழந்தவர், கேட்காதவர், பார்க்காதவர் கட்டாயம் இருக்க வேண்டும். பொன்னாடை போர்த்திப் படம் எடுக்க மட்டும் கூப்பிட்டால் காணாது.

அடுத்த முறை எங்காவது ஒரு கண்காட்சியில் மூளையால் அசைகிற ரோபோக் கையைப் பார்த்தால், நாங்களும் வாய் பிளந்து பார்ப்போம், வீடியோவும் எடுப்போம். அதோடு செய்தவரிடம் ஒரு கேள்வியும் கேட்போம்: பத்து வருசம் கழித்து இது மாங்குளத்தில் பழுதானால், மாங்குளத்தில் யார் திருத்துவார்? பதில் வந்த பிறகு கை தட்டலாம்.