தெரிந்த விடையைத் தவறவிட்டவர்

1956 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5 ஆம் திகதி இரவு, நியூயோர்க் நகரிலே, ஒலி புகாத சிறு கண்ணாடிக் கூண்டொன்றினுள் நின்ற ஹேர்பேட் ஸ்டெம்பல் என்பவரிடம் எளிய வினா ஒன்று கேட்கப்பட்டது. 1955 ஆம் ஆண்டின் சிறந்த திரைப்படத்துக்கான ஒஸ்கார் பரிசைப் பெற்ற படம் எது? ‘மார்ட்டி’ என்பது விடை. பிரொங்ஸ் பகுதியில் இறைச்சிக் கடையில் தொழில் செய்யும், அழகில்லாத, மணமாகாத ஒருவனின் கதை அது. அதே பிரொங்ஸில் வளர்ந்த ஸ்டெம்பல் அப்படத்தை மூன்று முறை பார்த்திருந்தார். ஆயினும் அவர் தயங்கினார். நெற்றி வியர்வையை ஒற்றினார். முந்திய ஆண்டுக்குரிய பரிசைப் பெற்ற ‘ஒன் த வோட்டர்பிரண்ட்’ என்ற படத்தின் பெயரைச் சொன்னார். அன்றிரவே அவர் தோற்றார். எதிர்க் கூண்டில் நின்ற சார்ள்ஸ் வான் டோரன் புதிய வெற்றியாளரானார்.

அவ்வினாவுக்குப் பிழையான விடை சொல்லும்படி ஸ்டெம்பலுக்கு முன்னரே கட்டளையிடப்பட்டிருந்தது. இதனை உலகம் ஐயத்துக்கிடமின்றி அறிய ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் சென்றன.

என்.பீ.சீ. தொலைக்காட்சியில் நடந்த ‘இருபத்தொன்று’ என்னும் அப்போட்டி நிகழ்ந்த காலத்தில் நமது நாட்டில் தொலைக்காட்சியே இல்லை; 1979 இலேதான் அது இங்கு வந்தது. ஆதலின் நம்மிற் பலர் இக்கதையை அறிந்தது 1994 இல் றொபேட் றெட்போர்ட் இயக்கிய ‘குவிஸ் ஷோ’ திரைப்படத்தின் வாயிலாகவேயாம். அக்கதையைக் கூறுவோர் பெரும்பாலும் வான் டோரனின் வீழ்ச்சியையே பெருந்துயராகக் காட்டுவர். நற்குடிப் பிறந்த கல்விமான் ஒருவர் பொருளாசையாற் கெட்டார் என்பது கேட்போர் நெஞ்சைத் தொடும் செய்திதான். எனினும் அவ்விரவின் உண்மையான கேடு வான் டோரனின் கூண்டில் நிகழவில்லை, ஸ்டெம்பலின் கூண்டிலேதான் நிகழ்ந்தது என்பது என் எண்ணம். விடை தெரியாத ஒருவருக்கு விடையைச் சொல்லிக் கொடுப்பது களவு. விடை தெரிந்த ஒருவரைத் தெரியாதவராக்குவதற்கு வேறு பெயர் வேண்டும்.

இந்த நிலை எங்ஙனம் வந்தது என்பதை நோக்குக. 1956 செப்டெம்பர் மாதத்தில் ‘இருபத்தொன்று’ தொடங்கியபோது முதல் நிகழ்ச்சி நேர்மையாகவே நடத்தப்பட்டது. போட்டியாளர் இருவரும் வினாவுக்குப் பின் வினாவாகத் தவறவிட்டனர். படித்த மக்களை முன்னறிவிப்பின்றி நிறுத்திப் பல துறைகளிலும் வினாக்களைத் தொடுத்தால் அவ்வாறுதான் நடக்கும். பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்ற எந்த ஆசிரியருக்கும் இது வியப்பாகாது. ஆனால் ‘ஜெரிற்றோல்’ என்ற சத்து மருந்தை விற்பதற்காக அந்நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்த நிறுவனத்தாருக்கு அது பொறுக்கவில்லை. இத்தகைய காட்சியை இனிக் காண விரும்பவில்லை என்று அவர்கள் தெரிவித்தனர். தயாரிப்பாளர் டான் என்றைட் அன்று தொட்டு வினாக்களையும் விடைகளையும் முன்கூட்டியே வழங்கலானார்.

இங்கேதான் நாம் சற்றுத் தரித்து நிற்க வேண்டும். ‘எனக்குத் தெரியாது’ என்ற நேர்மையான சொல்லை அவர்கள் மேடையினின்றும் துரத்தினர். துரத்திய சில வாரங்களில் அதே சொல்லைப் பொய்யாகச் சொல்விப்பதற்கு ஒருவரைப் பிடித்தனர். வகுப்பறையில் அச்சொல்லின் பெறுமதி எவ்வளவு என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அறிவர். ‘தெரியாது சேர்’ என்று எழுந்து நின்று சொல்லும் மாணவனிடமிருந்தே கற்பித்தல் தொடங்குகிறது. அவன் அதனைச் சொல்ல அஞ்சினாலோ, சொல்வதாக நடித்தாலோ, நம் கையில் ஒன்றுமில்லை.

விடைகளை மாத்திரமன்றி ஆட்களையும் அவர்கள் ஆக்கினர். ஸ்டெம்பல் அமெரிக்கப் படையிற் பணிபுரிந்தவர். நியூயோர்க் நகரக் கல்லூரி மாணவர். வியத்தகு நினைவாற்றல் உடையவர். அவருக்குப் படைவீரர் போல் ஒட்ட வெட்டிய தலைமயிர், உடலுக்குப் பொருந்தாத உடை, கழுத்துப்பட்டி நைந்த சட்டை ஆகியன விதிக்கப்பட்டன. மற்றவர்கள் நிகழ்ச்சி நடத்துநர் ஜக் பரியைப் பெயர் சொல்லி அழைக்க, இவர் மாத்திரம் ‘மிஸ்டர் பரி’ என்று பணிந்து அழைக்க வேண்டும். வியர்வையை எவ்வாறு ஒற்றுவது, எப்போது திக்குவது என்பனவும் பயிற்றப்பட்டன. வியர்ப்பதற்காகக் கூண்டின் குளிர்சாதனம் நிறுத்தி வைக்கப்பட்டது. சிந்தனை என்னும் அகத்தொழிலுக்குப் புறக்கோலம் தைத்துக் கொடுத்த தையற்காரர்கள் இவர்கள்!

ஆனால் ஏழ்மைக் கோலத்து அறிவாளியைப் பார்வையாளர் சலித்தனர் என்று அவர்கள் கருதியபோது வேறொரு முகம் தேவைப்பட்டது. வான் டோரன் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த இளைஞர். தந்தை மார்க் வான் டோரன் கவிதைக்கும், பெரியதந்தை கார்ள் வான் டோரன் வாழ்க்கை வரலாற்றுக்கும் புலிற்சர் பரிசு பெற்றவர்கள். அவரை இணங்கச் செய்த அல்பேட் பிறீட்மன் என்ற தயாரிப்பாளர் கூறிய நியாயம் நம்மைப் போன்றோர் நன்கு கவனிக்கத்தக்கது. இத்தகைய உதவி காட்சித் தொழிலில் வழமையானது என்றார். அதற்கு மேலாக, வான் டோரன் தோன்றுவதால் ஆசிரியர்களுக்கும் கல்விக்கும் பெருந்தொண்டு செய்தவராவார், அறிவுத் தொழில்மீது மக்களுக்கு மதிப்பு உயரும் என்றார். கல்வியின் பெருமைக்காகவே கல்வியைப் பொய்யாக்குவோம் என்பதே இதன் பொருள். மதிப்பு உயர்ந்ததும் உண்மையே. 1957 பெப்ரவரியில் ‘ரைம்’ சஞ்சிகையின் அட்டையில் வான் டோரனின் முகம் வந்தது. 129,000 டொலர் அவருக்குக் கிடைத்தது. ஆனால் மக்கள் மதித்தது கற்றறிந்த ஒருவரையன்று; கற்றறிந்தவர் போலத் தோன்றிய ஒரு நாடகப் பாத்திரத்தையே.

ஸ்டெம்பலும் தூயவரல்லர் என்று சிலர் கூறுவர். மெய்தான். அவரும் பல வாரங்கள் கொடுத்த விடைகளைச் சொல்லிப் பணம் பெற்றவரே. தம் இடத்தை வேறொருவர் பிடித்தபோது எழுந்த மனக்கசப்பும் அவரைப் பேசவைத்தது. ஆயினும் அவர் பேசினார். வான் டோரனோ பெருங்குற்றச்சாட்டு நடுவர் குழுவின் முன் சத்தியம் செய்தும் பொய்யுரைத்தார். பின்னர், 1959 நவம்பர் 2 ஆம் திகதி, அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் குழுவின் முன்னே உண்மையை ஒப்புக்கொண்டார். குழு உறுப்பினர் பலர் அவரது வாய்மையைப் பாராட்டினர். ஸ்டீவன் டெறூனியன் என்ற உறுப்பினர் ஒருவரே, அறிவுள்ள ஒரு மனிதர் உண்மை கூறியதற்காகப் பாராட்டப்பட வேண்டியதில்லை என்று அப்பாராட்டு மழையை நிறுத்தினார். அதே குழுவின் முன் அதற்கு முந்திய மாதம் ஸ்டெம்பலும் சாட்சியம் அளித்திருந்தார். அவரைப் பாராட்ட எவரும் முண்டியடித்ததாக நான் படிக்கவில்லை. அழகிய முகத்துக்கும் நைந்த சட்டைக்கும் இடையில் என்றைட் வகுத்த வேற்றுமை, அவர் தொழில் அழிந்த பின்னரும் அந்த மண்டபத்தில் வேலை செய்துகொண்டிருந்தது.

கொலம்பியாவை விட்டு நீங்கிய வான் டோரன் பிரித்தானியக் கலைக்களஞ்சியத்திற் பணியாற்றினார். 2019 இல் மறைந்தார். நியூயோர்க் நகரப் போக்குவரத்துத் திணைக்களத்திற் பணிபுரிந்த ஸ்டெம்பல் 2020 இல் மறைந்தார். பல தோல்விகளையும் பொறுத்த அவர், தாம் விரும்பிய அந்த ஒரு படத்தின் பெயரைத் தெரியாதவராய் நின்றதே தம்மை மிகவும் வருத்தியது என்று பின்னாளிற் சொல்லியதுண்டு. விடை தெரிந்தும் வாய் மூடப்பட்ட பிள்ளையின் முகத்தைக் கண்டவர்களுக்கு இது விளங்கும்.

1956 இல் இவை எதுவும் சட்டப்படி குற்றமாயிருக்கவில்லை. 1960 இலேயே அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. அறிவுப் போட்டியிற் பங்குபற்றுவோருக்கு இரகசியமாக உதவி வழங்குவது குற்றம் என்று அதன் முதற் பிரிவு கூறுகிறது. அது வான் டோரனுக்கானது எனலாம். இரண்டாம் பிரிவு, வற்புறுத்தியோ, கையூட்டுக் கொடுத்தோ, அச்சுறுத்தியோ ஒருவர் தம் அறிவைப் பயன்படுத்தாமலும் வெளிக்காட்டாமலும் இருக்கச் செய்வதையும் அவ்வாறே குற்றமாக்குகிறது. அதற்குத் தண்டம் 10,000 டொலர் வரை, அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.