ஸ்டார்ட் ஆகலை, சரி. ஏன்னு சொல்லணும்ல?

ஒரு வைவா கேள்வி. பதினைந்து வருஷம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு நிக்குது. டேங்கில் பெட்ரோல் இருக்கு. இன்ஜினில் குறை எதுவும் இல்லை. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினா டாஷ்போர்டில் ஒரு சாவிப் படம் மட்டும் எரியுது. இன்ஜின் முனகக்கூட இல்லை, ஸ்டியரிங்கும் அசையலை. நீங்க முதலில் எதைச் சந்தேகப்படுவீங்க?

ஸ்டார்ட்டர் மோட்டார்னு சொன்னா பாதி மார்க்தான். அந்தக் கார் 2009 மாடல் நிசான் 370 இசட் மாதிரி ஒண்ணா இருந்தா, ஸ்டியரிங் தண்டோடு ஒட்டியிருக்கிற ஒரு சின்னப் பெட்டியையும் சந்தேகப்படணும். அதுதான் எலக்ட்ரானிக் ஸ்டியரிங் லாக்.

முன்னாடி சாவியைத் திருகினா, அந்தத் திருகலே உள்ளே இருக்கிற இரும்புத் தாழை நகர்த்தும். பட்டன் ஸ்டார்ட் வந்த பிறகு சாவி நம்ம பாக்கெட்டிலேயே இருக்கு. தாழை நகர்த்த ஒரு சின்ன டிசி மோட்டார் வேணும், அதுக்குப் பல்சக்கரம் வேணும், தாழ் எங்கே நிக்குதுன்னு சொல்ல ஸ்விட்ச் வேணும். நீங்க பட்டனை அழுத்தினதும் காரின் பாடி கன்ட்ரோல் மாட்யூல் சாவியைச் சரிபார்க்கும், பிறகு தாழைத் திறக்கச் சொல்லும். 'திறந்தாச்சு'னு ஸ்விட்ச் பதில் சொன்னாத்தான் ஸ்டார்ட்டருக்கு அனுமதி. பதில் வரலைன்னா கார் அப்படியே நிக்கும்.

இந்தப் பிடிவாதம் நியாயமானதுதான். 1997 முதல் 2004 வரை வந்த செவர்லே கார்வெட் சி5 கார்களிலும் மோட்டாரில் இயங்கும் பூட்டு இருந்தது. மின்சாரம் சரியா கிடைக்கலைன்னா அது முழுசா திறக்காம போகலாம். பூட்டின ஸ்டியரிங்கோடு கார் நகர்ந்தா எரிபொருளை நிறுத்துற பாதுகாப்பு இருந்தும், சில கோளாறுகளில் அதுவும் வேலை செய்யாம போகலாம்னு தெரிஞ்சதும் 2004-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அந்தக் கார்களைத் திரும்ப அழைச்சுது. வளைவில் திருப்ப முடியாத காரை விட, வீட்டு வாசலில் ஸ்டார்ட் ஆகாத கார் ஆயிரம் மடங்கு மேல். ஆக, நிக்கிறது தப்பில்லை. எதனால் நிக்கிறேன்னு சொல்லாததுதான் தப்பு.

நம்ம ஊர் தேரைப் பாருங்க. ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் சித்திரை வீதிகளைச் சுத்தி வரும்போது, தேரைத் திருப்பறதும் நிறுத்தறதும் சக்கரத்துக்கு அடியில் போடுற முட்டுக்கட்டைதான். தேர் நின்னா எந்தச் சக்கரம், எந்தக் கட்டைன்னு வடம் பிடிக்கிறவங்களுக்கே தெரியும். அதே வீதியில் நம்ம கார் நின்னா? ஒரே ஒரு சாவிப் படம். ஸ்டியரிங் திரும்பாததால் ஓரமா தள்ளி நிறுத்தக்கூட முடியாது.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கறது? பாகத்தை மாத்தறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க. சாவியில் இருக்கிற காசு பேட்டரி தீர்ந்திருக்கலாம், மாத்திப் பாருங்க. கார் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்கணும். ஆனா அந்த எண்ணை மட்டும் நம்பாதீங்க, லோடு வரும்போது எவ்வளவு இறங்குதுன்னு பாருங்க. பலவீனமான பேட்டரி இந்தப் பூட்டைப் பாதியில் நிறுத்திடும். அடுத்தது, டயர் திரும்பி நின்னா தாழ் பக்கவாட்டில் அழுந்தி இருக்கும். ஸ்டியரிங்கை லேசா இடமும் வலமும் ஆட்டிக்கிட்டே பட்டனை அழுத்துங்க. பல நேரம் இதுவே போதும்.

அப்பவும் திறக்கலையா? காதைக் கொடுங்க. ஸ்டியரிங்குக்குக் கீழே மோட்டார் ஓடுற சத்தம் கேட்டும் ஸ்டார்ட் ஆகலைன்னா, தாழ் நகர்ந்திருக்கலாம், 'திறந்தாச்சு'ங்கற தகவல் போய்ச் சேராம இருக்கலாம். சத்தமே இல்லைன்னா ஃபியூஸ், வயரிங், எர்த், மோட்டார்னு வரிசையா பாருங்க. எர்த்தை ஓம் மீட்டரில் பார்த்துட்டு 'ஓகே' போடாதீங்க. ஒரே ஒரு இழை ஒட்டியிருக்கிற வயர்கூட ஓம் மீட்டரில் நல்ல பிள்ளையா தெரியும். கரன்ட் ஓடும்போது வோல்டேஜ் டிராப் பார்த்தாத்தான் குட்டு வெளிப்படும். ஸ்கேனரும் பாடி மாட்யூலைப் படிக்கிற ஸ்கேனரா இருக்கணும். இன்ஜின் கோடு மட்டும் காட்டுற மலிவு கருவி இங்கே வாயைத் திறக்காது.

இதில் புரியாத பாடம் எதுவும் இல்லை, பாதி முதலாம் ஆண்டிலேயே படிச்சது. சிக்கல் இதுக்குப் பிறகுதான் ஆரம்பிக்குது. மெர்சிடிஸ் சி கிளாஸின் டபிள்யூ204 மாடலிலும் இதே போல ஒரு பூட்டு உண்டு. உள்ளே மோட்டாரின் பிரஷ் தேய்ஞ்சு நின்னுடறது அதில் பிரபலமான நோய். தேய்ஞ்சது கைக்கடக்கமான ஒரு மோட்டார்தான். ஆனா பூட்டை அப்படியே வேறொண்ணு மாத்தினா கார் ஏத்துக்காது, புதுப் பூட்டைக் காரோட மென்பொருளில் பதிவு பண்ணணும். அந்த மென்பொருளும் சர்க்யூட் படமும் கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தாண்டி சுலபமா வராது. சின்ன மோட்டாரோட பிரச்சினை பெரிய பில்லா மாறுறது இங்கேதான்.

இது புதுப் புலம்பல் இல்லை. 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதிச்சுது. உதிரி பாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காம வச்சிருந்தாங்கங்கறதுதான் குற்றச்சாட்டு. நிசான், ஜெனரல் மோட்டார்ஸ், மெர்சிடிஸ் மூணும் அந்தப் பட்டியலில் உண்டு. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போச்சு. 2022-ல் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை'க்கு ஒரு குழு அமைச்சு, அதே வருஷ டிசம்பரில் இணையதளமும் திறந்துது. அதில் வாகனத் துறையும் இருக்கு.

'எல்லாத்தையும் திறந்து விட்டா திருடனுக்கும் வசதியாச்சே?' கேட்கலாம், நியாயமான கேள்விதான். சாவியின் ரகசியக் குறியீடு ரகசியமாவே இருக்கட்டும். எந்த வயரில் எத்தனை வோல்ட் வரணும், எந்தக் கோடுக்கு என்ன அர்த்தம்ங்கறது தெரிஞ்சா எந்தத் திருடனுக்கு லாபம்? மறைச்சு வைக்கறதால் வேறொரு ஆபத்துதான் வருது. வழி தெரியாதவங்க எமுலேட்டர் மாட்டறாங்க. அது எப்பவும் 'திறந்தாச்சு'ன்னே சொல்லும். தாழை நிரந்தரமா விலக்கி வைக்காம அந்தப் பொய்யை மட்டும் மாட்டினா, கார்வெட்டில் பயந்த அதே விபத்துக்கு நாமே கதவு திறக்கறோம்.

பொன்மலை பணிமனை நமக்கு எத்தனை தூரம்? 1928-ல் இருந்து ரயில் வேலை பார்க்கிற இடம். நூறு வருஷம் பழைய வடிவமைப்பில் ஓடுற நீலகிரி மலை ரயிலுக்குப் புது நீராவி இன்ஜினே அங்கே செஞ்சிருக்காங்க. வரைபடமும் அளவும் கையில் இருந்தா வயசு ஒரு தடையே இல்லை. பதினைந்து வயசு கார் காயலாங்கடைக்குப் போறதுக்கு இரும்பு தேய்ஞ்சதுதான் காரணம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

நாளைக்கு நம்மில் சிலர் ஓரகடத்திலோ ஓசூரிலோ இதே மாதிரி மாட்யூலுக்கு கோடு எழுதப் போறோம். அந்தப் பழக்கத்தை இந்த செமஸ்டர் மினி ப்ராஜெக்டிலேயே ஆரம்பிங்க. உங்க சர்க்யூட் எதையாவது மறுத்தா, எந்த நிபந்தனை தவறினதுன்னு ஒரு வரியில் சொல்லட்டும்: 'வோல்டேஜ் குறைவு', 'ஸ்விட்ச் பதில் இல்லை', 'சாவி தெரியலை'. பத்து வரி கோடு கூடுதலா எழுதணும், அவ்வளவுதான். பத்து வருஷம் கழிச்சு பாலக்கரையில் ஒரு மெக்கானிக் அண்ணன் அந்த ஒரு வரியைப் படிச்சு, பத்து நிமிஷத்தில் வண்டியை அனுப்பி வச்சிடுவார்.