ரேங்க் போடுவது பயிற்சி ஆகாது

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் சீனியர் இன்டர் (இன்டர்மீடியட் இரண்டாம் ஆண்டு) படிக்கும் பிள்ளைகள் சில மாத இடைவெளிக்குள் எழுதும் தேர்வுகளைக் கல்வித்துறை அதிகாரிகள் ஒருமுறை வரிசையாக வைத்துப் பார்க்கட்டும். ஜேஇஇ மெயின்: 75 கேள்விகள், 180 நிமிடம், கணினியில், சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறினால் ஒன்று கழியும். ஆந்திர அரசின் ஈஏபிசெட்: அதே 180 நிமிடம், ஆனால் 160 கேள்விகள், கணினியில்தான், கழிவு கிடையாது. உயிரியல் படிக்கும் பை.பி.சி. பிள்ளைகளுக்கு ஈஏபிசெட்டோடு நீட்: 180 கேள்விகள், 180 நிமிடம், ஓஎம்ஆர் தாளில் பேனாவால் வட்டத்தை நிரப்ப வேண்டும்.

ஒரு கேள்விக்கு ஜேஇஇயில் இரண்டேகால் நிமிடத்துக்குமேல் கிடைக்கிறது. ஈஏபிசெட்டில் 67 நொடிதான். ஒன்றில் தெரியாததையும் குறித்துவிட்டு வரவேண்டும். மற்றதில் அந்தப் பழக்கமே மார்க்கைத் தின்றுவிடும். அவகாசமும் விதியும் கருவியும் தேர்வுக்குத் தேர்வு மாறுகின்றன. இந்த வேறுபாட்டைக் கைக்கும் கண்ணுக்கும் பழக்கித் தருவதுதான் பயிற்சி. நம் மாவட்டங்களில் அந்தப் பெயரில் நடப்பது வேறு.

ஈஏபிசெட், எம்செட் என்று அழைக்கப்பட்ட காலத்திலேயே, 2017இல் கணினிக்கு மாறிவிட்டது. ஜேஇஇ மெயின் 2019இல் மாறியது. இன்றும் கிராமத்து அரசு ஜூனியர் கல்லூரிப் பிள்ளைக்குத் தேர்வுத் திரை முதன்முதலாகக் கண்ணில் படுவது தேர்வு மையத்தில்தான் என்ற நிலை மாறவில்லை. அந்தத் திரைக்கென்று விதிகள் உண்டு. விடையைத் தேர்ந்துவிட்டு, ‘சேமித்து அடுத்தது’ பொத்தானை அழுத்தாமல் வேறு கேள்வி எண்ணுக்குத் தாவினால், ஜேஇஇயில் குறித்த விடை பதிவாகாது. எண் விடைகளைத் திரையில் தெரியும் எண்பலகையில் மவுஸால் அழுத்தித்தான் இட வேண்டும். விசைப்பலகையைத் தொடக் கூடாது. மூன்று மணி நேரப் பதற்றத்தின் நடுவே இதையெல்லாம் புதிதாகக் கற்றுக்கொள் என்று ஒரு பிள்ளையை அனுப்புவது அலட்சியம். திருமலைக்கு அலிபிரிப் படி ஏறப் போகிறவரை வீட்டு வராந்தாவில் நடக்கவிட்டு, ‘பழகிவிட்டாய், கிளம்பு’ என்று சொல்வதற்கு இது சமம்.

பணம் கட்டிப் படிக்கும் கார்ப்பரேட் கல்லூரிகளில் தேர்வுக்குப் பஞ்சமில்லை. வாரக் கடைசியில் டெஸ்ட், திங்கட்கிழமை ரேங்க் பட்டியல், அதை வைத்து செக்‌ஷன் மாற்றம். எந்தக் கேள்வியில் நேரம் போனது, தெரிந்த கணக்கு ஏன் தவறியது என்று உட்கார்ந்து பேச மட்டும் ஆளில்லை. தேர்வு, கற்றதை மனத்தில் இருத்தும் கருவி என்பது ஆய்வில் நிலைபெற்ற உண்மை. ரோடிகர், கார்பிக் இருவரும் அமெரிக்காவில் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, நினைவிலிருந்து எழுதிப் பார்த்துப் பழகியவர்களிடம் 61 விழுக்காடு தங்கியிருந்தது, வாசித்தவர்களிடம் 40தான். இப்படிப்பட்ட கருவியைப் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் சல்லடையாக மட்டும் வைத்திருக்கும் நிர்வாகங்கள் வாங்கும் கட்டணத்துக்கு நேர்மையாக இல்லை.

அரசு என்ன செய்தது? 2022 டிசம்பரில் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான டேப்கள் வழங்கப்பட்டன. 2025 ஜனவரியில் அரசு ஜூனியர் கல்லூரிகளில் மதிய உணவு தொடங்கியது. அதை மனதார வரவேற்கிறோம். ஆனால் தேர்வுத் திரையைப் பழக்கித் தர இவை போதா. உயர்கல்வி மன்றத்தின் இணையதளத்தில் மாக் டெஸ்ட் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கணினியே இல்லாத வீட்டுப் பிள்ளை அதை எங்கே உட்கார்ந்து எழுதும்? தேசியத் தேர்வு முகமை 2018இல் பள்ளி, கல்லூரிகளின் கணினிக் கூடங்களை விடுமுறை நாள்களில் இலவசப் பயிற்சி மையங்களாகத் திறந்தது. கொரோனா வந்ததும் 2020 மே மாதம் கைபேசிச் செயலியைக் கையில் கொடுத்தது. கைபேசியை விரலால் தள்ளிப் பழகியது மவுஸ் பிடித்துப் பழகியதாகிவிடாது.

எல்லைத் தமிழ்ப் பிள்ளைகளின் பாடு இன்னும் மோசம். நகரியிலும் சத்தியவேட்டிலும் குப்பத்திலும் பள்ளியில் தமிழில் அறிவியல் படித்தவர்களுக்கு ஈஏபிசெட்டில் தமிழ் வினாத்தாள் இல்லை. நீட்டில் தமிழ் உண்டு. ஆனால் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் மையங்களில்தான் என்பது விதி. தமிழில் எழுத விரும்பும் சித்தூர்ப் பிள்ளை வேலூருக்கு ஓட வேண்டும். ஓடினாலும் ஆங்கில மூலத்தோடு ஒப்பிட்டு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 2018 நீட்டில் 49 கேள்விகளின் தமிழாக்கம் பிழை என்று சொல்லி, 196 மதிப்பெண் தரச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதும், உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் மறக்கக் கூடியவையா?

நம் கோரிக்கைகள் பெரிய செலவு கேட்பவை அல்ல. தேர்வு மையங்களாக இயங்கும் பொறியியல் கல்லூரிகளின் கணினிக் கூடங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் அரசுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் திறக்க வேண்டும். பேருந்துச் செலவை இன்டர் போர்டு ஏற்க வேண்டும். ஒவ்வொருவரும் குறைந்தது ஐந்து முழுநீளத் தேர்வாவது, உண்மையான ஷிப்ட் நேரத்திலேயே, உண்மையான கழிவு விதியோடு எழுதியிருக்க வேண்டும். ரேங்க் ஒட்டும் முன் பிழைகளை ஆசிரியர் விளக்க வேண்டும். விளக்காத தனியார் கல்லூரியிடம் போர்டு கணக்குக் கேட்க வேண்டும். தமிழ்வழி வந்தவர்களுக்குக் கலைச்சொல் கையேடு வேண்டும். தமிழ் வினாத்தாளுக்குச் சித்தூரிலோ திருப்பதியிலோ மையம் வேண்டும். ஐஐடியும் ஐசரும் அமைந்த மண்ணில் இவை இயலாதவை என்று யாரும் வாய் திறக்க வேண்டாம்.

அடுத்த ஜேஇஇ ஜனவரியில். அதற்குள் இவற்றைத் தொடங்காவிட்டால், சரியான விடை தெரிந்தும் பொத்தானை அழுத்தத் தெரியாமல் ஒரு பிள்ளை இழக்கும் நான்கு மதிப்பெண்ணை அந்தப் பிள்ளையின் கணக்கில் எழுதாதீர்கள். அது உங்கள் கணக்கு.