கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு வாரம் இரண்டு மணித்தியாலம்

கொழும்பு, மொறட்டுவை, ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் தமிழ் மாணவர்களில் பலருக்குக் கொழும்பு சொந்த ஊர் அல்ல. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, நுவரெலியா என்று பல மாவட்டங்களில் இருந்து வந்து, வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் அவர்கள். இதே நகரின் வடக்கு முனையில், கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, புளூமெண்டால், முகத்துவாரம் பகுதிகளில், துறைமுகத்தையும் புறக்கோட்டையையும் நம்பிக் கூலிக்கு உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளுக்குப் போகிறார்கள். வெள்ளவத்தையில் ஏறினால் 155ஆம் இலக்க பஸ் கொட்டாஞ்சேனையில் இறக்கிவிடும். பல்கலைக்கழக மாணவர்கள் வாரம் ஒரு முறை அந்த பஸ்ஸில் ஏறி இந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் அதைப் பட்டப்படிப்பின் ஒரு பகுதியாக ஏற்க வேண்டும்.

பல்கலைக்கழக அனுமதி முறையே இதற்கான முதல் நியாயத்தைத் தருகிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. 1970களின் தரப்படுத்தல் தமிழ் மாணவர்களுக்குச் செய்த காயம் தனிக்கதை. இன்றைய ஒதுக்கீடு இல்லாவிட்டால் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் மலையகத்திலும் இருந்து மருத்துவ, பொறியியல் பீடங்களுக்கு வருவோர் தொகை மிகவும் சுருங்கிப் போயிருக்கும். அது தொடரத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் கொழும்பு ஒரே மாவட்டம். கறுவாத்தோட்டத்து வீட்டில் தனி அறையும் தனி ஆசிரியரும் வைத்துப் படிக்கும் பிள்ளைக்கும், புளூமெண்டால் தோட்டத்து ஒற்றை அறை வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்துக்கு நடுவே கொப்பி விரிக்கும் பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளிதான். நாட்டிலேயே கடுமையான வெட்டுப்புள்ளிகளில் ஒன்று அது. பின்தங்கிய மாவட்டத்துக்கு அரசு கைகொடுக்கிறது. முன்னேறிய மாவட்டத்துக்குள் பின்தங்கிக் கிடக்கும் தெருவுக்கு அனுமதிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. ஒதுக்கீட்டால் கைதூக்கிவிடப்பட்டுக் கொழும்புக்கு வந்த மாணவருக்கு, அந்த ஒதுக்கீட்டின் கண்ணில் படாத பிள்ளையிடம் ஒரு கடன் உண்டு.

இரண்டாவது நியாயம் மாலை நேரத்தில் இருக்கிறது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 முதல் கல்வி இலவசம். பாடசாலை பிற்பகல் ஒன்றரைக்கு முடிகிறது. அதன் பிறகு தொடங்கும் கல்வி இலவசம் அல்ல. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் தொடங்கி உயர்தரம் வரை ரியூசன் இல்லாமல் கரை சேர முடியாது என்ற நம்பிக்கை கொழும்பில் ஊறிவிட்டது. காலி வீதியின் மின்கம்பங்களில் ஒட்டியிருக்கும் விளம்பரங்களே அதற்குச் சாட்சி. மூன்று பாடத்துக்கு மாதக் கட்டணம் கட்ட முடியாத வீட்டில் முதலில் நின்று போவது கணித வகுப்புத்தான். கணிதத்தைக் கைவிட்ட பிள்ளை சாதாரண தரத்தில் தடுக்கி விழுகிறது. விழுந்த பிறகு துறைமுக வாசலோ செட்டியார் தெரு நகைக்கடையின் எடுபிடி வேலையோ தயாராக இருக்கிறது.

ஒன்பதாம் தரத்துப் பிள்ளை 503இல் இருந்து 278ஐக் கழிக்கச் சொன்னால் 375 என்று எழுதுவதை, பின்தங்கிய வகுப்பொன்றில் சற்று நேரம் உட்கார்ந்தால் காணலாம். ஒவ்வொரு நிரலிலும் பெரிய இலக்கத்தில் இருந்து சிறியதைக் கழித்திருக்கிறது: எட்டில் மூன்று போனால் ஐந்து, ஏழில் பூச்சியம் போனால் ஏழு, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. நடுவில் பூச்சியம் இருந்தால் யாரிடம் கடன் வாங்குவது என்று அதற்குத் தெரியாது. அது மூன்றாம், நான்காம் தரங்களில் நழுவிப் போனது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் சமன்பாடு நடத்த வேண்டிய ஆசிரியர் அந்த விடைக்குப் பிழை போட்டுவிட்டு அடுத்த கொப்பிக்குப் போகிறார். போகாமல் அவருக்கும் வழியில்லை. நான்கு பிள்ளைகளோடு மட்டும் அமரும் ஒருவரால்தான் ‘இதை எப்படிச் செய்தாய், சொல்லு பார்ப்பம்’ என்று கேட்க முடியும். பிழையின் வேர் அந்தப் பதிலில் இருக்கிறது. அதைக் கேட்க ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் அவசியமில்லை. பொறுமையும், பிள்ளையின் பெயரை நினைவில் வைத்திருக்கும் அக்கறையும், அடுத்த வாரமும் வருவார் என்ற நம்பிக்கையும் போதும்.

தமிழ் மாணவர்களிடம் இந்த உணர்வு இல்லாமல் இல்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத் தமிழ் மாணவர்கள் கணிதப் பிரிவு உயர்தர மாணவர்களுக்காக முன்னோடிப் பரீட்சை நடத்தி வருகிறார்கள். வினாத்தாள் தயாரிப்பது, மாவட்டந்தோறும் கொண்டுசெல்வது, திருத்திப் புள்ளியிடுவது எல்லாம் அவர்களே. தமிழ்மொழியில் தரமான மாதிரி வினாத்தாள் கிடைப்பது அரிதாக உள்ள நாட்டில் அது பெரிய தொண்டு. ஆனால் அந்த மண்டபத்துக்குள் வருபவர் சாதாரண தரத்தைத் தாண்டி, கணிதப் பிரிவையும் தெரிவு செய்த பிள்ளை. ஏற்கெனவே பாதி ஆற்றைக் கடந்தவர். 503இல் 278ஐக் கழிக்கத் தெரியாதவர் அங்கே வரப்போவதில்லை. பீடங்களின் தமிழ் மாணவர் அமைப்புகள் தங்கள் உழைப்பில் ஒரு பங்கை ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை இறக்க வேண்டும். பரீட்சைக்கு முந்திய மாதத்துக் கருத்தரங்கு அந்த வயதுக்கு உதவாது. அங்கே வேண்டியது வருடம் முழுவதும் நீளும் வாராந்த வகுப்பு.

இப்படிச் செய்தால் பலன் உண்டா என்ற கேள்விக்கு நல்ல விடைகள் இருக்கின்றன. மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் என்ற தொண்டு அமைப்பு, பள்ளிப்படிப்பை முடித்த உள்ளூர் இளம்பெண்களைக் கொண்டு, மூன்றாம் நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தினமும் இரண்டு மணித்தியாலம் அடிப்படைப் பாடம் நடத்தியது. அவர்களுக்குக் கிடைத்த பயிற்சி இரண்டு வாரம். பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் சக ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி அதிகம் முன்னேறியவர்கள் வகுப்பின் கடைசி வரிசைப் பிள்ளைகளே. தமிழ்நாடு 2021 ஒக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் மாதம் ஆயிரம் இந்திய ரூபா ஊக்கத்தொகையோடு தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். கொரோனாவால் இழந்த கற்றலில் மீண்டதன் நான்கில் ஒரு பங்கு அளவு அந்தத் திட்டத்தின் பலன் என்று பொருளியலாளர் கார்த்திக் முரளிதரன் குழுவினர் கணித்தனர். பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றிய நேரடிச் சான்று இத்தாலியில் உண்டு. 2020 முடக்க காலத்தில் அங்கே பல்கலைக்கழகத் தன்னார்வலர்கள் வறிய, குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இணையவழியில் வாரம் மூன்று மணித்தியாலம் பாடம் சொன்னார்கள். பிள்ளைகளின் பரீட்சைத் தேர்ச்சி தெளிவாக உயர்ந்தது, மனச்சோர்வு குறைந்தது, ஆறு மணித்தியாலம் பெற்றவர்களிடம் பலன் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது.

இதில் ஆபத்தும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் வழிகாட்டி உறவுகளைப் பற்றி ஜீன் குரொஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த உறவுகள் பிள்ளைகளுக்கு நன்மை செய்ததையும், மூன்று மாதத்துக்குள் அறுந்தவற்றில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பு இருந்ததைவிடக் குறைந்ததையும் காட்டியது. இரண்டு வாரம் வந்து படம் எடுத்து முகநூலில் போட்டுவிட்டு மறைகிற தொண்டு, தொண்டே இல்லாததைவிடக் கெட்டது. ‘அந்த அண்ணா இனி வரமாட்டார்’ என்று பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய வேலை வகுப்பாசிரியர் தலையில் விழும். ஒரு வருடம் வர முடியாதவர் தொடங்காமல் இருப்பதே மேல்.

வருடம் முழுவதும் வரவழைக்க நல்லெண்ணத்தை மட்டும் நம்ப முடியாது. பல மாணவர்கள் அறை வாடகைக்காகத் தாங்களே ரியூசன் நடத்துபவர்கள். வாரம் ஒரு பிற்பகலை இலவசமாகக் கேட்பது அவர்கள் சாப்பாட்டில் கை வைப்பதாகும். இங்கேதான் பல்கலைக்கழகம் உள்ளே வர வேண்டும். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது ஐம்பது மணித்தியாலக் கற்றல். வாரம் இரண்டு மணித்தியாலம், இருபத்தைந்து வாரம்: சரியாக ஐம்பது. இதற்குப் புதிய சட்டமோ புதிய திணைக்களமோ தேவையில்லை. பீடச் சபைகள் மனம் வைத்தால் முடியும். இந்தியா 1969இலேயே நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணித்தியால சேவையைக் கல்லூரிக்குள் கொண்டுவந்துவிட்டது. பஸ் கட்டணத்தையும் ஒரு வேளைச் சாப்பாட்டையும் பழைய மாணவர் சங்கங்களும் வர்த்தகர்களும் ஏற்கலாம். கோயில் திருவிழாவுக்கு அள்ளிக் கொடுக்கும் கொழும்புத் தமிழ் வர்த்தகருக்கு இது ஒரு தொகையே அல்ல.

இடத்துக்கும் பஞ்சமில்லை. பிற்பகலில் பாடசாலை வகுப்பறைகள் காலியாகின்றன. 1902இல் தொடங்கிய கொட்டாஞ்சேனை விவேகானந்த சபையும், 1942இல் தொடங்கிய வெள்ளவத்தைக் கொழும்புத் தமிழ்ச் சங்கமும் மண்டபம் உள்ளவை. இதற்கு முன்மாதிரியும் நம்மவர்களிடமே உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த சுவாமி விபுலானந்தர் மாலை வேளைகளில் திருவேட்களத்துச் சேரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போனவர். ஏ. ரி. ஆரியரத்ன 1958இல் நாலந்தாக் கல்லூரி மாணவர்களைக் கனதொலுவ என்ற ஒடுக்கப்பட்ட கிராமத்துக்குச் சிரமதானத்துக்கு அழைத்துப் போனதில் இருந்தே சர்வோதய இயக்கம் பிறந்தது.

ஆசிரியர் சங்கங்கள் ஒரு மறுப்பை எழுப்பக்கூடும்: இலவச உழைப்பு கிடைத்தால் அரசு வெற்றிடங்களை நிரப்பாமல் விட்டுவிடும் என்பது. நியாயமான அச்சம். எனவே இந்த வகுப்பு பாடசாலை நேரத்துக்கு வெளியேதான் நடக்க வேண்டும். நேரசூசியில் ஆசிரியர் இல்லாத பாடவேளையை மாணவரைக் கொண்டு நிரப்ப எந்த அதிபருக்கும் அனுமதி இருக்கக் கூடாது. பிள்ளைகளின் பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பே கூடாது. திறந்த வகுப்பறை, எப்போதும் இரண்டு பெரியவர்கள், பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் சுவரில், பிள்ளைகளோடு தனிப்பட்ட தொலைபேசித் தொடர்பு இல்லை. இங்கே வரும் பிள்ளையைத் தன் கட்டண வகுப்புக்கு இழுக்கும் மாணவரை அன்றே நிறுத்திவிட வேண்டும்.

மொழியையும் கவனிக்க வேண்டும். ‘விளங்குதோ?’ என்று கேட்கும் யாழ்ப்பாணத்து அக்காவுக்கு ‘வெளங்குது மிஸ்’ என்று கொட்டாஞ்சேனைப் பிள்ளை பதில் சொல்லும். விளையாட்டில் பாதி சிங்களம் கலக்கும். அதைத் திருத்துவது அவர் வேலை அல்ல. கொழும்பில் நான்கு வருடம் இருந்தும் வெள்ளவத்தைக்கு அப்பால் நகரம் தெரியாமல் ஊருக்குத் திரும்பும் பட்டதாரிக்கு, அந்தப் பேச்சைக் கேட்பதும் ஒரு படிப்பு.

முதல் வருடத்தில் பத்துப் பாடசாலை வேண்டாம். கொழும்பு வடக்கில் இரண்டு போதும். ஆறாம், ஏழாம் தரங்களில் கணிதமும் தமிழ் வாசிப்பும் மட்டும். தொடக்கத்தில் ஒரு சோதனை, முடிவில் அதே சோதனை, இரண்டின் புள்ளிகளும் பகிரங்கமாக. கொழும்பு, மொறட்டுவைப் பல்கலைக்கழகங்களின் மூதவைகள் அடுத்த கல்வியாண்டுக்கு முன் இந்த ஒரு கிரெடிட்டை அங்கீகரிக்க வேண்டும். கொழும்பு வலயக் கல்விப் பணிமனை இரண்டு அதிபர்களுக்கு அனுமதிக் கடிதம் கொடுக்க வேண்டும். மாணவர் அமைப்புகள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. 155 இன்றும் ஓடுகிறது.