பிஸ்தா பச்சை ஷாலும் இருநூறு பின்னூட்டங்களும்

மதுரையில் ஷாலும் தலையை மூடும் மக்கனாவும் விற்கிற சின்னக் கடை என்னுடையது. போன மாதம் கல்லூரிப் பெண் ஒருத்தி பிஸ்தா பச்சையில் ஜெர்சி ஷால் கேட்டு வந்தாள். இரண்டு பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு, செல்போன் கேமராவையே கண்ணாடியாக்கி, ஒரு முனையைக் குட்டையாகவும் மறுமுனையை நீளமாகவும் விட்டு, நாடிக்குக் கீழே பின் குத்தி, நீள முனையைத் தலையைச் சுற்றிக் கொண்டுவந்து தோளில் செருகினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "மாமி, இதை ரீல்ஸா போடவா?" என்றாள். சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

இரண்டு நாள் கழித்து வந்து, வீடியோவை அழித்துவிட்டதாகச் சொன்னாள். இருநூறுக்கு மேல் பின்னூட்டம். பாகிஸ்தானுக்குப் போ என்று ஒரு கூட்டம். நெற்றியில் முடி தெரிகிறது சகோதரி, இதுவா ஹிஜாப் என்று நம்மாட்கள். இந்த அடிமைத்தனத்தை எப்போது உதறப்போகிறாய் என்று படித்தவர்கள். கலர் எடுப்பாக இருக்கிறது என்று எழுதியது நாலைந்து பேர், எல்லாம் அவளோடு படிக்கிற பெண்கள்.

என் நன்னி வெளியே கிளம்பினால் புடவைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி போர்த்துவார். அம்மா காலத்தில் கறுப்பு புர்கா வந்தது. நான் மக்கனாவோடு கல்லூரிக்குப் போனேன். எங்களையும் பேசினார்கள்தான். ஆனால் பேசியவர் யாரென்று தெரியும். அத்தா போய் அவர் வாசலில் நின்று கேட்டுவிட்டு வருவார். இந்தப் பெண் யார் வாசலில் போய் நிற்பாள்?

2022 ஜனவரி முதல் தேதி, 'புல்லி பாய்' என்ற செயலியில் முஸ்லிம் பெண்களின் படங்களைப் போட்டு ஏலம் விடுவதுபோல் இழிவுபடுத்தினார்கள். பிடிபட்டவர்களில் பலர் இருபது வயதை ஒட்டியவர்கள், என் கடைக்கு வரும் பெண்களின் வயது. அடுத்த மாதமே கர்நாடகத்தின் மண்டியாவில் காவித்துண்டு மாணவர்கள் சூழ்ந்து கோஷமிட, தனியாக நடந்துபோன மாணவியின் வீடியோ நாடெங்கும் ஓடியது. ஆதரித்தவர்களும் அவளைப் படமாக வரைந்து முகப்பில் வைத்துக்கொண்டார்கள். வகுப்புக்குப் போக வந்த பிள்ளை அவள். வகுப்பில் ஹிஜாப் அணிவது பற்றி உடுப்பியில் தொடங்கிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளே 2022 அக்டோபரில் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். பின்னூட்டம் எழுதுகிறவருக்கு மட்டும் ஒரு நொடியில் தீர்ப்பு கிடைத்துவிடுகிறது.

எங்கள் பக்கத்தை நான் மூடிமறைக்க மாட்டேன். 2023 மார்ச்சில் வேலூர் கோட்டைக்கு ஆண் நண்பரோடு வந்த பெண்ணை மறித்து, ஹிஜாபைக் கழற்றச் சொல்லி, செல்போனில் எடுத்துப் பரப்பினார்கள். கைதான ஏழு பேரில் முஸ்லிம் இளைஞர்களும் உண்டு. மார்க்கத்தைக் காக்கிறார்களாம்! முன்பின் அறியாத பெண்ணைப் படமெடுத்து ஊருக்குக் காட்டுவது எந்த மார்க்கம்? ஜமாஅத் பெரியவர்களும் இமாம்களும் ஜும்ஆ பயானில் பெண்களின் உடையைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இனி பையன்களின் செல்போனைப் பற்றிப் பேசட்டும்.

நேரில் கேட்க ஆளிருந்தால் நிலைமை வேறு. 2022 பிப்ரவரியில் மேலூர் நகராட்சித் தேர்தலில், ஹிஜாபோடு ஓட்டுப்போட வந்த பெண்ணை பாஜக முகவர் தடுத்தார். அங்கேயே திமுக, அதிமுக முகவர்கள் எழுந்து எதிர்த்தார்கள். பாஜக முகவர் வெளியேற்றப்பட்டார், அந்தப் பெண் ஓட்டுப்போட்டார். பின்னூட்டப் பெட்டியில் அப்படி எழுந்து நிற்க யாரும் இல்லை. பார்த்துவிட்டுக் கடந்துபோகும் நூறு பேரில் பத்துப் பேர் "அவளை விடுங்கள்" என்று எழுதியிருந்தால் அந்தக் கல்லூரிப் பெண்ணின் வீடியோ இருந்திருக்கும்.

இப்போது அவளுடைய அத்தா கணக்கையே மூடச் சொல்லிவிட்டாராம். தெரிந்தவர்தான், போன் செய்தேன். "பொம்பளப் பிள்ளை, எதுக்கும்மா வம்பு?" என்றார். திட்டியவர்கள் கணக்கெல்லாம் அப்படியே இருக்கிறது பாய், உங்கள் மகளுடையது மட்டும் ஏன் மூட வேண்டும் என்று கேட்டேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.